கெட்டுப்போகாத பெட்டி

நேற்று மத்தியானம் என் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கி, நானே பூட்டிய கம்ப்யூட்டர். எழுபதைத் தாண்டிய கிழவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்திருந்தது. பழையதைப் பிடுங்கினேன். காற்றாடிகளில் அப்பியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினேன். பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்து எடுத்துப் புதுப் பசை தடவி, புதிய கார்டை அதன் இடத்தில் அழுத்தி உட்காரவைத்தேன். பிளக்கைச் சொருகிப் பொத்தானை அமுக்கியதும் பவர் சப்ளைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

தினமும் வருகிற சத்தம்தான். பெட்டி மூடியிருக்கும்போது காதில் விழுவதில்லை. அது ஒரு ரிலே. மின்சாரம் வந்ததும் இழுத்துக்கொண்டு ஒட்டுகிற சின்ன இரும்பு நாக்கு. இந்தப் பெட்டிக்குள் இருப்பதில் உனக்குத் தெரிந்த பாகம் அது ஒன்றாகத்தான் இருக்கும். திரையில் வண்ணம் வந்தது, காற்றாடிகள் சுற்றின, எல்லாம் சரியாக இருந்தது. நான் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாப்ளே, உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கஞ்சிக்கோட்டில் இருக்கிறவன் எலப்புள்ளிக்காரனுக்குக் கடிதம் எழுதுவானா? சைக்கிளை மிதித்தால் வந்துவிடுகிற தூரம். வந்துவிடுகிற தூரம் என்று எழுதும்போதே உடம்பு குறுகுகிறது.

பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சில் நாம் ஆடாத ஆட்டம் இல்லை. சிலேட்டில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். நீதான் ஜெயிப்பாய். பத்தாவதோடு நீ பம்பு செட் மாட்டுகிற வேலைக்குப் போனாய். கிழக்குப் பக்கம் அத்தனை கிணறுகளிலும் இறங்கி ஏறியவன் நீ. நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்குக் கருவி செய்கிற தொழிற்சாலையில் ரிலேக்களைச் சரிபார்க்கும் பகுதியில் சேர்ந்தேன். நாள் முழுக்க ஒரு மயிரிழை இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் வேலை. இதற்கு ஒரு சம்பளமா என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு முற்றத்தில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டோம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உனக்கு மயிலாள் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை இறக்கும்போது, மேலே குறுக்கே போட்டிருந்த மரம் முறிந்தது. நீ கீழே இருந்தாய். உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். கோயமுத்தூர் ஆசுபத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வந்தாய். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு உன்னைப் படுக்கவைத்தார்கள். எழுபத்தெட்டாம் வருடம் அது.

முதலில் ஊரே வந்தது. கட்டிலைச் சுற்றிப் பெஞ்சு போட்டு உன்னோடு சீட்டு ஆடினார்கள். நானும் ஆடினேன். கொஞ்ச நாளில் நீயே ஆட்டத்தை நிறுத்திவிட்டாய். யார் கட்டைப் பிரித்தாலும் தலைவலி என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாயாம். மயிலாள் வந்து என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். நான் கேட்டதற்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய்.

"பாவம்னு தோத்துக் குடுக்கறானுங்க மாப்ளே. நல்ல சீட்டக் கையில வெச்சுட்டே தோக்கறானுங்க. அது எனக்குத் தெரியாதா?"

சைக்கிளில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. பாவம் பார்க்கத் தெரியாத ஒன்று உன்னோடு ஆட வேண்டும்.

தொழிற்சாலை நூலகத்தில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். ரிலேக்களையும் பல்புகளையும் வைத்து விளையாட்டு ஆடுகிற பெட்டி. கோயமுத்தூரில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஒரு கடையில், எங்கோ கழற்றிய எக்ஸ்சேஞ்சின் சாமான்கள் குவிந்து கிடந்தன. வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பழைய வால்வு ரேடியோவின் மரக்கூட்டுக்குள் எல்லாவற்றையும் பூட்டினேன். முகப்பில் ஒரு வரிசையில் இருபது சின்ன பல்புகள். ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று பல்புகளை நீ அணைக்கலாம். பிறகு பெட்டி தன் பங்குக்கு அணைக்கும். கடைசி பல்பை அணைப்பவருக்கு வெற்றி. இவ்வளவுதான் ஆட்டம். அதைக் கட்டி முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் கண்டக்டர் ரேடியோவைப் பாடவிடச் சொன்னார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பெட்டியை வைத்து, ஒயரை இழுத்துக் கரண்ட் கொடுத்தேன். இருபது பல்புகளும் எரிந்தன. நீ சந்தேகமாகத்தான் பொத்தானை அமுக்கினாய். இரண்டு பல்புகள் அணைந்தன. உள்ளே ரிலேக்கள் 'டக், டக்' என்று தட்டி மேலும் இரண்டு அணைந்தன. கடைசியில் நீ தோற்றாய். மறுபடியும் தோற்றாய். நாலாவது தடவையும் தோற்றபோது நீ சிரித்தாய். விழுந்தபிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுப்படியிலிருந்து மயிலாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு நான் வந்து உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாய்.

"இது நாலு நாலாக் கணக்கு வெச்சிருக்குது. நான் ஒண்ணு எடுத்தா அது மூணு, நான் ரெண்டுன்னா அதும் ரெண்டு. இருவதுல ஆரம்பிச்சா எவன் மொதல்ல ஆடுனாலும் தோப்பான். தோக்கத் தெரியாத பெட்டி கூட ஆடி என்ன பண்றது?"

நான் மூன்று வாரம் வரைபடம் போட்ட விஷயத்தை நீ படுத்துக்கொண்டே பிரித்துவிட்டாய். எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்து வந்தன. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வரிசையை மூன்று வரிசையாக்கினேன். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பல்பு எரிய வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரே வரிசையில் எத்தனை வேண்டுமானாலும் அணைக்கலாம். கடைசி பல்பு யாருடையதோ அவருக்கு வெற்றி. இதற்குக் கணக்கு உண்டு, ஆனால் தலைக்குள் சட்டென்று போட முடியாத கணக்கு. குமிழ்களை எப்படித் திருகி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெட்டியும் தோற்கும். நீ அதில் ஜெயித்த அன்று வாசலில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாயாம். இரண்டு பேர் மட்டும் ஆடுவதற்கும் ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். அதைப் போட்டால் பெட்டி யோசிக்காது, அணைகிற பல்புகளை மட்டும் காட்டும்.

பிறகு பெட்டி கெட்டுப்போக ஆரம்பித்தது.

முதல் தடவை ஒரு ரிலேயின் முனை கறுத்துப்போயிருந்தது. எலப்புள்ளியிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிற ஒருவரிடம் மயிலாள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிறு காலை வந்தேன். தபால் அட்டையை மெல்லிசாக நறுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்துச் சுத்தம் செய்தேன். எல்லா ரிலேக்களையும் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மயிலாள் அரிசிம்பருப்பு சோறு ஆக்கியிருந்தாள். வேலை செய்துகொண்டே பேசினோம். பள்ளிக்கூடக் கதை, கிணற்றுக் கதை, தொழிற்சாலையில் நடந்த சண்டை. நான் போகும்போது நீ நல்ல குஷியில் இருந்தாய்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஒவ்வொரு வாரமும், பெட்டி நின்றுபோயிற்று. வந்து பார்த்தால் ஒரு ஒயர் விட்டிருக்கும். அல்லது ஒரு முனை வளைந்திருக்கும். எப்படிடா இது பிடுங்கிக்கொள்கிறது, பூனை ஏறுகிறதா, நீ என்ன சம்மட்டியால் அடிக்கிறாயா என்று நான் திட்டிக்கொண்டே சாலிடர் வைப்பேன். நீ தலைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, மெதுவாகப் பார், என்ன அவசரம் என்பாய். பாதி நேரம் நான் சொன்ன தொழிற்சாலைக் கதைக்கே திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஒரே ஒயருக்குச் செலவாகும்.

எனக்கு அது அவமானமாக இருந்தது, மாப்ளே. அதுதான் உண்மை. தொழிற்சாலையில் என் கையிலிருந்து போன ரிலே திரும்பி வந்ததில்லை என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் சொல்லுவார். உன் வீட்டுப் பெட்டி மட்டும் வாரா வாரம் என் தொழிலைக் கேலி செய்வதுபோல இருந்தது. அதோடு எனக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. கோவிந்தாபுரத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலைகள் வந்தன. வீடு பார்க்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று ஒரு நாள் அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை. இன்று நினைத்தாலும் கை அதைப் பெருமையாகத்தான் நினைக்கிறது. மனதுதான் ஒப்பவில்லை. பழைய ஒயர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் செய்வதுபோல மெழுகு நூலால் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஒயரைச் சுற்றி முறுக்கிச் சாலிடர் வைத்தேன். ரிலேக்களுக்குத் தூசி படாமல் உறை போட்டேன். திறந்து கிடந்த பின்பக்கத்தைத் தகடு அடித்து, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தபோது நான் உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. இனிப் பத்து வருடத்துக்கு இதை யாரும் தொட வேண்டாம் என்றேன்.

நீ பின்பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்தாய்.

"இத்தன கெட்டியாவா பண்ணிப்போட்டே" என்றாய்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு எலப்புள்ளியிலிருந்து தகவலே வரவில்லை. வேலைக்கு வருகிறவரிடம் நானாகவே கேட்பேன். பெட்டி நன்றாக ஓடுகிறதாம் என்பார். எனக்கு நிம்மதி. கல்யாணம் ஆயிற்று. பாலக்காட்டு டவுனில் குடித்தனம் வைத்தேன். விஷுவுக்கு ஒரு முறை நானும் அவளும் வந்தோம். நீ அவளோடு பெட்டியில் ஆடினாய், அவளைத் தோற்கடித்தாய், மயிலாள் பாயசம் கொடுத்தாள். மத்தியான பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டோம். பிறகு ஓணத்துக்கு வரலாம் என்றிருந்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது யோசித்தால் ஒரு காரணமும் கிடைப்பதில்லை. பெட்டி கெடவில்லை. அது ஒன்றுதான் காரணம். உன் வீட்டுக்கு வருவதென்றால் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்க வேண்டும் என்று நான் என்னை அறியாமலே பழகிப்போயிருந்தேன்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் மயிலாளைப் பார்த்தேன். கையில் பஞ்சுப் பொட்டலமும் ஸ்பிரிட் பாட்டிலும் இருந்தன. உன் முதுகில் புண் வந்திருக்கிறது என்றாள். ஆளே இளைத்துப்போயிருந்தாள். நான் அவளிடம் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? பெட்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன்.

"பெட்டிக்கென்னுங்ணா, அது நல்லாத்தான் இருக்குது" என்றாள். எலப்புள்ளி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பஸ் போகட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"மொதத் தடவ மட்டுந்தானுங்ணா அது தானாக் கெட்டுது. அப்பறமெல்லாம் அவரு பண்ணுனதுங்க. என்ற கொண்ட ஊசிய வாங்கி ஒயர நெம்பி உட்ருவாரு. நாந்தானுங்க ஸ்டூல நகத்தி வெப்பேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாரு."

தகடு போட்ட பிறகு நீ அவளிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவரச் சொன்னாயாம். உன் கருவிகளையெல்லாம் உன்னோடு வேலை செய்தவன் எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவாயாம். அவள் மறந்துவிட்டேன், கடை மூடியிருந்தது என்று ஏதாவது சொல்லிவிடுவாளாம்.

"புதுசாக் கல்யாணமான மனுசரு, ஒரு ஞாயித்துக்கெழமதான் ஊட்ல இருப்பாரு, அவரப் போயி இழுக்கறதான்னு வாங்காம உட்டுட்டனுங்ணா. ரெண்டு மூணு மாசமா அவரும் கேக்கறதில்லீங்க. தப்புப் பண்ணிட்டனுங்களா?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள், மாப்ளே. குற்றவாளியிடமே வந்து, நான் ஏதும் குற்றம் செய்துவிட்டேனா என்று கேட்பதுபோல இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன்.

அந்த ஞாயிறு வந்தேன். மயிலாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய். கன்னம் ஒட்டியிருந்தது. நான் உள்ளே வந்ததுமே, பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நீயாகச் சொன்னாய். பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். பின்பக்கம் மூடியிருந்தால் உள்ளே சூடு தங்கும், ரிலேக்களுக்குக் காற்று வேண்டும், தகட்டைக் கழற்றிவிடலாம் என்றேன். ஸ்டூலைத் திருப்பி ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தேன். நீ சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது ஸ்க்ரூ கையில் வந்தபோது கேட்டாய்.

"மயிலா சொல்லிப்போட்டாளா?"

நான் நிமிரவில்லை. நீ மெதுவாகச் சொன்னாய்.

"மூடிரு மாப்ளே. ஊர்ல அத்தன பேரும் பாவம்னு வந்தாங்க. நீ ஒருத்தன்தான் திட்டிட்டே வந்தே. எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு. இனி நீயும் பாவம்னுதான் வருவே."

அப்படி இல்லை என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். பழையபடி ஒரு வசவாவது வைதிருக்க வேண்டும். உன் கொண்டை ஊசித் திருட்டுத்தனத்தைச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். அதற்குப் பதிலாக, கழற்றிய மூன்று ஸ்க்ரூக்களையும் திரும்ப அதே இடங்களில் போட்டு முடுக்கினேன். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே அது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் முடுக்கினேன்.

கிளம்பவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், நாம் இரண்டு பேரும் ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். சரி என்றாய். பெட்டி யோசிக்காமல் இருக்கிற சுவிட்சைப் போட்டேன். குமிழ்களை நீயே திருகினாய். மூன்று வரிசையும் எரிந்தன.

அந்த ஆட்டத்தின் கணக்கு எனக்குத் தெரியும். நான்தானே அதை ஒயரில் கட்டியவன். உட்கார்ந்து காகிதத்தில் போட்டால் எப்போதும் வரும். அன்று தலைக்குள் எந்த எண்ணும் நிற்கவில்லை. ஸ்பிரிட் வாடை வந்துகொண்டிருந்தது. உன் கை மெலிந்திருந்ததைப் பார்த்தேன். நீ இரண்டாம் வரிசையில் அணைத்தாய். நான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆடினேன். ஜெயித்தால் உனக்குப் பிடிக்கும், பாவம் பார்க்கவில்லை என்று நம்புவாய் என்று நினைத்துக்கொண்டே ஆடினேன். அந்த நினைப்பே என்னைக் கவிழ்த்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பல்பு கூடுதலாக அணைத்துவிட்டேன். விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது. நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அடுத்த நாலு தடவைக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டாய்.

கடைசி பல்பு அணைந்ததும் நீ சந்தோஷப்படவில்லை. என் முகத்தையே பார்த்தாய்.

"நெசமாத்தான் தோத்தியா?"

"நெசமாத்தாண்டா."

"இதக் கட்டுனவன் நீயி" என்றாய்.

இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்றேன். போதும், இருட்டுவதற்குள் போ, அவள் காத்திருப்பாள் என்றாய். மயிலாள் குடத்தோடு வந்தாள். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வந்தேன். சம்பந்தி வீட்டுக்கு வந்தவன்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பரவாயில்லை என்றாய். என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், சௌக்கியம் என்றேன். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவன் வாங்கிக்கொண்டு போகிற பழம். அதை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னாய். சிலேட்டு பிடித்த வயதிலிருந்து பழகிய உன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மூன்றாவது ஞாயிறு நான் வரவில்லை. அந்த வாரத்திலேயே காய்ச்சல் கண்டு, புண்ணில் விஷம் ஏறி, நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து மயிலாள் அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். என்னால் முடியாது என்றேன். அவளே அதை ஊர் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே பல வருடங்கள் அது ஓடியதாம். சாயங்காலமானால் அதன் முன்னால் கூட்டம் நிற்குமாம். பெட்டிக்கு ஏதாவது ஆனால் தகவல் சொல்லுங்கள் என்று அங்கிருந்தவரிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒரு தகவலும் வரவில்லை. வாசகசாலைக்கு டி.வி. வந்தபோது இடம் வேண்டும் என்று அதை எடுத்துப் போட்டார்களாம். அதுவரை ஒருமுறைகூடக் கெடவில்லை என்று அவர் என்னைப் பார்த்தபோது மெச்சிச் சொன்னார்.

நாம் கடைசியாக ஆடிய அன்று நீ படுத்துக்கொண்டே அவளிடம் ஏதாவது சொன்னதாக நினைவிருக்கிறதா என்று மயிலாளிடம் ஒருமுறை கேட்டேன். நான் கிளம்பிய பிறகு, அந்த ஆட்டத்தைப் பற்றி ஏதாவது பேசினாயா என்று. ரொம்ப நேரம் யோசித்தாள். இல்லீங்ணா, கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கிட்டாரு என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் விழுந்தேன். முதல் கம்ப்யூட்டரை ஒருவரைக் கொண்டு மாட்டினேன். அப்புறம் நானே கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். மெமரி கூட்டினேன், பவர் சப்ளையை மாற்றினேன், இப்போது இந்தக் கார்டு. திரைக்கு அந்தப் பக்கம் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் என்னோடு ஆடுகிறார்கள். எனக்கு வயது என்ன, மூட்டு வலிக்கிறதா, கண்ணில் ஆபரேஷன் ஆயிற்றா என்று ஒருவருக்கும் தெரியாது. இரக்கமே இல்லாமல் அடித்து வீழ்த்துகிறார்கள். ஜெயித்தால் அது என் ஜெயம். இது உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது, மாப்ளே. படுத்த இடத்திலிருந்தே நீ உலகத்தை ஒரு கை பார்த்திருப்பாய். எதிரில் இருக்கிறவன் உன் கால்களைப் பார்த்திருக்கமாட்டான். ஒவ்வொரு தடவையும் இதன் முன்னால் உட்காரும்போது, உன் இலையில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதுபோலத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுந்திருப்பதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். எப்படிக் கெட்டது என்று நான் கேட்பதில்லை. பத்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் செய்கிறேன். கொஞ்சம் திட்டவும் திட்டுகிறேன். இப்படிக் கண்டபடி வைத்திருந்தால் எந்த மெஷின் தாங்கும் என்று சத்தம் போடுகிறேன். அவர்களுக்கு அது பிடித்திருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் வேலை ஒன்றும் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதற்கு எனக்கு இன்னும் வரவில்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டதே இல்லையே, எதை மன்னிப்பாய்? உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. நான் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்லியும் நீ நம்பாமல் போனது. அன்றைக்கு மூன்றாம் வரிசையில் ஐந்து பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு அணைத்திருக்க வேண்டும், நான் மூன்று அணைத்தேன். வேண்டுமென்று அணைக்கவில்லை. அன்று நீ என்னைச் சுத்தமாகத் தோற்கடித்தாய், மாப்ளே. அது உன் ஜெயம்தான்.